மலை ஏறும் ஸ்கூட்டருக்கு இழுவை எங்கிருந்து வருகிறது? டூ ஸ்ட்ரோக் போர்ட் டைமிங், ஆரம்பநிலைக்காரர்களுக்கு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். உச்சியைத் தாண்டினால் கேரளா. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்கள் நீளும். தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளுக்கு நடுவே பழைய சேத்தக்கும் எல்.எம்.எல். வெஸ்பாவும் இன்னும் புகைவிட்டுக்கொண்டு ஏறுவதைப் பார்க்கலாம். பின்சீட்டில் ஒருவர், காலடியில் ஒரு உர மூட்டை. இந்த வண்டிக்காரர்கள் பட்டறையில் வேகம் கேட்பதில்லை. "வளைவுல திரும்புனதும் மூணாவது கியர்லயே இழுக்கணும்ணே" என்றுதான் கேட்பார்கள்.

பதிலுக்குச் சில பட்டறைகளில் அரத்தை எடுத்து எக்ஸாஸ்ட் போர்ட்டை, அதாவது புகை வெளியேறும் துளையை, மேல்நோக்கித் தேய்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். வண்டி கம்பம் ரோட்டின் சமதளத்தில் பறக்கும், மெட்டு ஏறும்போது படுத்துவிடும். இழுவை கேட்டவருக்குக் கிடைத்தது ஓட்டம். இரண்டும் எங்கே பிரிகின்றன என்பது போர்ட் டைமிங், அதாவது இந்தத் துளைகள் திறந்து மூடும் கணக்கு, புரிந்தால் தெரிந்துவிடும். பள்ளிக்கூடக் கணக்குக்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

பிஸ்டனே வால்வு

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வைத் திறந்து மூட கேம் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் அந்த வேலையைப் பிஸ்டனே பார்க்கிறது. சிலிண்டர் சுவரில் வெட்டியிருக்கும் துளைகள்தான் போர்ட்டுகள். வெடித்து இறங்கும் பிஸ்டனின் தலை விளிம்பு முதலில் எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பைத் தாண்டும். எரிந்த வாயு சைலன்சருக்குள் பாயும். இன்னும் கொஞ்சம் இறங்கியதும் பக்கவாட்டில் இருக்கும் டிரான்ஸ்பர் போர்ட்டுகள் திறக்கும். கிராங்க் சுற்றும் அடிப்பெட்டியான கிராங்க் கேஸுக்குள் பிஸ்டனின் அடிப்பக்கம் அமுக்கி வைத்திருந்த புதுக் கலவை அவற்றின் வழியாக மேலே ஏறி, எதிர்ச்சுவரில் மோதிச் சுருண்டு, மிச்சப் புகையை வெளியே தள்ளும். இந்தச் சுழலோட்டத்தை வடிவமைத்தவர் ஜெர்மானியரான அடால்ஃப் ஷ்னூர்லே. 1920-களில் அவர் காட்டிய வழியைத்தான் நம் ஊர் ஸ்கூட்டர்களும் பின்பற்றுகின்றன.

பிஸ்டன் திரும்ப ஏறும்போது முதலில் டிரான்ஸ்பர் மூடும், பிறகு எக்ஸாஸ்ட் மூடும். இங்கே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். திறக்கும் விளிம்பும் மூடும் விளிம்பும் ஒன்றுதான். எக்ஸாஸ்ட் எவ்வளவு சீக்கிரம் திறக்கிறதோ அதே அளவு தாமதமாகத்தான் மூடும். ஒன்றை விட்டு ஒன்றை மாற்ற முடியாது. மேல்நோக்கித் தேய்த்த ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு முறை விலை கொடுக்கிறோம்.

போர்ட் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை கிராங்க் சுற்றும் டிகிரியில் சொல்வது வழக்கம். ஒரு முழுச் சுற்று 360 டிகிரி. எக்ஸாஸ்ட் 160 என்றால் அந்தச் சுற்றில் 160 டிகிரி திறந்து கிடக்கிறது என்று பொருள்.

145 சி.சி. வண்டியில் 95 சி.சி.

பழைய சேத்தக்கின் சிலிண்டர் போர் (உள்விட்டம்) 57 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஓடும் தூரம்) 57 மி.மீ. உள்வட்டத்தின் பரப்பை ஸ்ட்ரோக்கால் பெருக்கினால் 145 சி.சி. சொச்சம். இந்த வெஸ்பா குடும்பத்து எஞ்சின்களில் கனெக்டிங் ராடு 105 மி.மீ. இந்த அளவுகள் கையில் இருந்தால் மீதியைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம்.

எக்ஸாஸ்ட் 160 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 360-இல் அது போக மிச்சம் 200, அதில் பாதி 100. பிஸ்டன் உச்சியிலிருந்து 100 டிகிரி இறங்கியதும் போர்ட் திறக்கும். அப்போது பிஸ்டன் இறங்கியிருக்கும் தூரம் 37.3 மி.மீ. ஏறும்போதும் இதே கதைதான். அடியிலிருந்து முதல் 19.7 மி.மீ. ஏறும்வரை எக்ஸாஸ்ட் திறந்தே இருப்பதால் எதுவும் அமுங்காது. மிச்சமுள்ள 37.3 மி.மீ.யில்தான் கலவை அடைபட்டு அமுங்கத் தொடங்குகிறது. அந்த அளவு 95 சி.சி. ஆர்.சி. புத்தகத்தில் 145 என்று போட்டிருந்தாலும் மலை ஏற்றத்தில் உங்களைச் சுமப்பது அந்த 95தான்.

இப்போது போர்ட்டை 2.4 மி.மீ. மேலே தேய்த்தால் எக்ஸாஸ்ட் 170 டிகிரி ஆகிவிடும். அடைபடும் அளவு 89 சி.சி.க்கு இறங்கும். அரம் நாலு இழுப்பு இழுத்ததில் 6 சி.சி. போயிற்று.

அப்படியென்றால் ரேஸ்காரர்கள் ஏன் 190 வரைக்கும் ஏற்றுகிறார்கள்? நேரம் போதாததால். 3000 ஆர்.பி.எம்.மில் 120 டிகிரி திறந்திருக்கும் டிரான்ஸ்பர் போர்ட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஏழு பங்குக்கும் குறைவு. 6000-இல் அதிலும் பாதி. அவ்வளவுக்குள் பழைய புகை வெளியேறிப் புதுக் கலவை உள்ளே வந்தாக வேண்டும். அதனால் வேகமாகச் சுற்றும் எஞ்சினுக்குப் போர்ட் அதிக டிகிரி திறந்திருப்பது தேவை. மெதுவாகச் சுற்றும் எஞ்சினுக்கு அதே டிகிரி கேடு. வாய் கட்டாத ஏலக்காய் மூட்டையை முதுகில் ஏற்றிய கதையாக, உள்ளே வந்த புதுக் கலவை எக்ஸாஸ்ட் வழியாகவே வெளியே சிந்திவிடும். பெட்ரோலும் போகும், இழுவையும் போகும்.

சிந்துவதைத் திருப்பி உள்ளே தள்ள ஒரு உபாயம் உண்டு: வயிறு பருத்த எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சர். வெளியே ஓடும் அழுத்த அலை அதன் கூம்பில் மோதித் திரும்பி வந்து, போர்ட் மூடும் முன் கலவையை உள்ளே அமுக்கும். கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் 1950-களில் வால்ட்டர் காடன் இதைக் கலையாகவே வளர்த்தார். அவருடைய ரேஸ் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் அந்த ரகசியங்களோடு சுஸுகி பக்கம் போய்ச் சேர்ந்தார், 1962-இல் சுஸுகியில் 50 சி.சி. உலகப் பட்டமும் வென்றார். ரசமான கதை. ஆனால் அந்த அலை ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம். வீச்சில்தான் சரியான நேரத்துக்கு வந்து சேரும். வீச்சுக்கு வெளியே உதவாது, சில நேரம் கெடுக்கவும் செய்யும். நாலு கியர் ஸ்கூட்டரில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினால் சுற்று கால் பங்குக்கு மேல் விழுகிறது. எஞ்சினின் பலம் குறுகிய வீச்சில் இருந்தால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் அந்த வீச்சை விட்டுக் கீழே விழுந்துகொண்டே இருக்கும். மெட்டு ஏறும் வண்டிக்கு கம்பெனி சைலன்சரே போதும் என்பது என் கட்சி. சைலன்சரை மாற்றினால் எல்லைக்கு அந்தப் பக்கம் கேரள மோட்டார் வாகனத் துறையிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது வேறு.

இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி

எக்ஸாஸ்ட் திறப்பதற்கும் டிரான்ஸ்பர் திறப்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. புளோடவுன் என்பார்கள். சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் இறங்க இந்த நேரம் வேண்டும். இறங்காமல் டிரான்ஸ்பர் திறந்தால் புகை தலைகீழாக கிராங்க் கேஸுக்குள் பாயும். கணக்கு எளிது: எக்ஸாஸ்ட் டிகிரியிலிருந்து டிரான்ஸ்பர் டிகிரியைக் கழித்துப் பாதியாக்குங்கள். 160-க்கு 116 என்றால் 22 டிகிரி.

இழுவைக்கு வேலை செய்யும் ஸ்கூட்டரில் எக்ஸாஸ்ட் 160-லிருந்து 170 வரை, டிரான்ஸ்பர் 115-லிருந்து 120 வரை, இடைவெளி 22-லிருந்து 25 வரை இருந்தால் நிம்மதியாக ஏறும். உங்கள் வண்டி ஏற்கெனவே இதற்குள் இருந்தால் போர்ட்டின் உயரத்தில் கை வைக்கவே வேண்டாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

அரத்தை எடுப்பதற்கு முன்

இழுவை குறைந்துவிட்டது என்று வரும் பல வண்டிகளில் டைமிங்கை மாற்றியது அரம் அல்ல, பேக்கிங். சிலிண்டருக்கு அடியில் ஆயில் கசிகிறது என்று யாரோ ஒன்றுக்கு இரண்டு பேப்பர் பேக்கிங் போட்டிருப்பார்கள். அரை மி.மீ. பேக்கிங் கூடுதலாகப் போட்டால் சிலிண்டர் முழுவதுமே அரை மி.மீ. மேலே ஏறுகிறது. நமது 57 மி.மீ. கணக்கில் எக்ஸாஸ்ட் சுமார் 2 டிகிரி, டிரான்ஸ்பர் ஏறக்குறைய 3 டிகிரி கூடும். அதோடு ஹெட்டும் மேலே போவதால் எரியும் அறையில் 1.3 சி.சி. வெற்றிடம் சேர்கிறது. இருபது சொச்சம் சி.சி. கொள்ளும் அறைக்கு அது சின்ன விஷயமில்லை. கம்ப்ரஷன் விழும், பிக்கப் மந்தமாகும். டிரான்ஸ்பர் கூடுதலாக ஏறுவதால் இடைவெளியும் சற்றுக் குறுகும். பட்டறைக்காரர் கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிஸ்டனையும் பாருங்கள். சிலிண்டரைக் கடைந்து போர் போட்டபோது கடையில் கிடைத்த ஓவர் சைஸ் பிஸ்டனைப் போட்டிருப்பார்கள். பிஸ்டன் பின்னுக்கும் தலைக்கும் உள்ள உயரம் பழைய பிஸ்டனோடு ஒத்துப்போகாவிட்டால் எல்லா போர்ட்டின் டைமிங்கும் நகர்ந்துவிடும். தலை உயரமான பிஸ்டன் போர்ட்டைத் தாமதமாகத் திறக்கும், குட்டையானது சீக்கிரம் திறக்கும். பழையதையும் புதியதையும் ஒரே பின்னில் பக்கத்தில் பக்கத்தில் கோர்த்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது கார்பன். 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலை அளவில்லாமல் ஊற்றும் வண்டியில் எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பில் கார்பன் கட்டி, துளை சுருங்கிப் போயிருக்கும். மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள், இரும்பு வேண்டாம்.

காற்றையும் மறக்கக் கூடாது. போடி அடிவாரத்திலிருந்து மெட்டுக்கு ஏறுவதற்குள் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் கூடுகிறது. அந்த உயரத்துக்குக் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைகிறது, எஞ்சினின் பலமும் கிட்டத்தட்ட அதே அளவு இறங்குகிறது. எந்த போர்ட் வேலையும் அதைத் திருப்பித் தராது. அதே பெட்ரோல், குறைந்த காற்று என்பதால் கலவை கெட்டியாகி மேலே வண்டி இருமும். சிலர் அதற்காக கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைச் சிறியதாகப் போட்டுவிட்டு, அதே ஜெட்டோடு கீழே இறங்கி தேனி ரோட்டில் முறுக்குகிறார்கள். கீழே அது பற்றாத கலவை. பிஸ்டன் சூடேறி இறுகி சீஸ் ஆக அது போதும்.

அளப்பது எப்படி

அளக்காமல் தேய்ப்பவரிடம் சிலிண்டரைக் கொடுக்காதீர்கள். ஹெட்டைக் கழற்றுங்கள். சிலிண்டர் ஆடாதபடி குழாய்த்துண்டு போட்டு நட்டால் இறுக்குங்கள். கிராங்க் முனையில் சுற்றும் சக்கரமான மேக்னட்டில் டிகிரி வட்டு ஒன்றைப் பொருத்துங்கள். பிளாஸ்டிக் புரொட்ராக்டர் இரண்டை ஒட்டியும் செய்துகொள்ளலாம். கம்பித் துண்டு ஒன்றை கேஸ் போல்டில் கட்டிவிட்டால் முள் ஆயிற்று.

உச்சிப்புள்ளியைக் கண்டுபிடிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். உச்சிக்கு அருகே பிஸ்டன் நகர்வதே தெரியாது. கிராங்க் 10 டிகிரி சுற்றினாலும் பிஸ்டன் அரை மி.மீ.தான் இறங்கும், 5 டிகிரிக்கு 0.14 மி.மீ. கண்ணால் பார்த்து "இதுதான் உச்சி" என்று குறித்தால் அளவெல்லாம் பாழ். அதனால் சிலிண்டர் மேல் ஒரு இரும்புப் பட்டையைக் குறுக்கே போட்டு, அதிலிருந்து ஒரு போல்டு பிஸ்டனைத் தடுக்கும்படி செய்யுங்கள். மேக்னட்டை ஒரு பக்கம் சுற்றிப் பிஸ்டன் முட்டும் இடத்தைக் குறியுங்கள். மறுபக்கம் சுற்றி முட்டும் இடத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் சரிபாதிதான் உண்மையான உச்சி.

பிறகு தடுப்பை எடுத்துவிட்டு, எக்ஸாஸ்ட் வழியாக உள்ளே டார்ச் அடியுங்கள். பிஸ்டன் மெதுவாக இறங்கும்போது மேல் விளிம்பில் முடி அளவு வெளிச்சம் தெரியும் நொடியில் வட்டைப் படியுங்கள். மேலே ஏறும்போது வெளிச்சம் மறையும் நொடியில் மறுபடி படியுங்கள். நடுவிலுள்ள டிகிரிதான் திறந்திருக்கும் அளவு. டிரான்ஸ்பருக்கும் இதே முறை, இடது வலது தனித்தனியாக. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கலவை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். உயரமான பக்கத்துக்குச் சமமாக மற்றதைத் தேய்த்து ஒன்றாக்குவது, உயரத்தைத் தொடுவதில் நான் ஒப்புக்கொள்ளும் முதல் வேலை.

உயரத்தை விட்டுவிட்டு

இழுவை கூட்ட அரத்துக்கு வேறு வேலை இருக்கிறது. சிலிண்டரின் அடிவாயும் கிராங்க் கேஸின் டிரான்ஸ்பர் வாயும் சேரும் இடத்தைப் பாருங்கள். அலுமினியம் ஒரு பக்கம் படியாக நீட்டிக்கொண்டிருக்கும், பேக்கிங் காகிதம் ஓட்டைக்குள் தொங்கும். பேக்கிங்கை அச்சாக வைத்துக் குறி போட்டு இரண்டையும் வழவழவென்று சமப்படுத்தினால் டைமிங் ஒரு டிகிரிகூட மாறாமல் நிரப்புதல் கூடும். பணம் செலவில்லை, பொறுமைதான் செலவு.

எக்ஸாஸ்ட் போர்ட்டை உயரத்துக்குப் பதில் அகலத்தில் திறக்கலாம். ஒற்றை போர்ட்டுக்கு போரின் 60 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள். 57-க்கு 34 மி.மீ. தாண்டினால் பிஸ்டன் ரிங் துளைக்குள் பிதுங்கி விளிம்பில் மாட்டும். மேல் விளிம்பு வளைவாகவே இருக்கட்டும், சதுரமாக்க வேண்டாம். ரிங்கின் வாய் இருக்கும் இடத்திலுள்ள சிறு ஆணி எந்தத் துளைக்கு மேலும் ஓடவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் உள்விளிம்பு முழுக்க மெல்லிய சரிவு எடுத்துவிட வேண்டும். நகத்தால் வருடினால் எங்கும் தட்டக் கூடாது.

மூன்றாவது ஸ்குவிஷ். உச்சியில் பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடுக்கு அது. பிஸ்டன் மேல் பின்னின் நேர்க்கோட்டில் இரு ஓரங்களிலும் ஈயக் கம்பித் துண்டுகளை கிரீஸ் வைத்து ஒட்டி, ஹெட்டை மாட்டி, ஒரு சுற்று சுற்றிக் கழற்றினால் கம்பி நசுங்கியிருக்கும். வெர்னியரால் அளந்தால் இடுக்கு தெரிந்துவிடும். 2 மி.மீ.க்கு மேல் இருக்கும் வண்டிகள் ஏராளம். அதை 1.2 மி.மீ. அளவுக்குக் கொண்டுவந்தால், கலவை ஓரத்திலிருந்து நடுவுக்குப் பிழியப்பட்டுச் சீக்கிரம் எரியும். கம்ப்ரஷனும் ஏறும். 1 மி.மீ.க்குக் கீழே ஆரம்பக்காரர்கள் போக வேண்டாம். மூணாவது கியரில் வளைவு திரும்பி இழுக்கும் இழுவை கேட்டவருக்கு நான் முதலில் செய்துதரச் சொல்வது இதைத்தான்.

ஏற்கெனவே தேய்த்துவிட்டார்கள் என்றால்?

தேய்த்த உலோகத்தைத் திருப்பி ஒட்ட முடியாது. சிலிண்டரையே இறக்கலாம். 176 டிகிரி வரை தேய்க்கப்பட்ட எக்ஸாஸ்ட் என்று வைத்துக்கொள்வோம், டிரான்ஸ்பர் 120. லேத்தில் சிலிண்டரின் அடியை 1.5 மி.மீ. கடைந்தால் எக்ஸாஸ்ட் 170-க்கு வந்துவிடும். டிரான்ஸ்பர் 112-க்கு இறங்கிவிடும். அதை மட்டும் 1.5 மி.மீ. மேல்நோக்கித் தேய்த்துப் பழையபடி 120 ஆக்கினால், 170-க்கு 120, இடைவெளி 25. மலைக்குத் தோதான எஞ்சின்.

இதில் இரண்டு கவனம். சிலிண்டர் இறங்கியதால் பிஸ்டன் 1.5 மி.மீ. மேலே நீட்டும், அப்படியே ஹெட்டை மாட்டினால் மோதும். ஹெட்டுக்கு அடியில் செம்பு வளையம் போட்டோ, ஹெட்டைக் குடைந்தோ ஸ்குவிஷ் இடுக்கை மறுபடி அளந்து சரிசெய்ய வேண்டும். கேஸுக்குள் இறங்கும் சிலிண்டர் பாவாடையும் 1.5 மி.மீ. கீழே போகும். அது கிராங்கின் தட்டில் உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்தபிறகே கிக்கரை மிதியுங்கள்.

உள்ளே வரும் வழி

கலவை கிராங்க் கேஸுக்குள் வரும் வாசலுக்கும் டைமிங் உண்டு. அது வண்டிக்கு வண்டி வேறு. விஜய் சூப்பர் போன்ற லாம்ப்ரெட்டா வழி வண்டிகளில் பிஸ்டனின் பாவாடைதான் திறந்து மூடும். அங்கேயும் சீக்கிரம் திறந்தால் தாமதமாக மூடும் என்ற பழைய வில்லங்கமே. கைனடிக் ஹோண்டாவில் மெல்லிய இதழ் போன்ற ரீடு வால்வு. உள்ளே உறிஞ்சினால் திறக்கும், நின்றால் தானே மூடும், அதனால் குறைந்த சுற்றில் கலவை திரும்பி ஓடாது. பழைய சேத்தக்கில் கிராங்கின் தட்டே வால்வு. அதில் வெட்டியிருக்கும் இடம் வாசலுக்கு நேரே வரும்போது திறக்கும், தாண்டியதும் மூடும்.

இந்தத் தட்டு வால்வில் திறப்பும் மூடலும் தனித்தனி. இழுவைக்கு முக்கியம் மூடல்தான். பிஸ்டன் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கிய பிறகும் வாசல் வெகுநேரம் திறந்திருந்தால், குறைந்த சுற்றில் கலவை கார்புரேட்டர் வழியாகவே திரும்பித் தெறிக்கும். ஏர் ஃபில்டர் எண்ணெயில் நனைந்து கிடக்கும் வண்டிகளில் இதையும் சந்தேகப்படலாம். உச்சிக்குப் பிறகு 60 டிகிரிக்குள் மூடிவிடுவது மலைக்கு நல்லது. கிராங்கை வெட்டும் பேச்சு ஆரம்பக்காரர்களுக்கு வேண்டாம். ஆனால் எஞ்சின் பிரிந்திருக்கும்போது தட்டு உரசியோடும் கேஸின் அந்தப் பட்டையில் விரலை வைத்துப் பாருங்கள். தட்டுக்கும் பட்டைக்கும் இடையே காகிதக் கனம்தான் இடைவெளி இருக்க வேண்டும். பேரிங் உடைந்தபோது தூள் போய்க் கீறியிருந்தால் அங்கே வால்வு மூடுவதே இல்லை. அந்த எஞ்சினில் சிலிண்டரில் என்ன டிகிரி வைத்தாலும் இழுவை வராது. பட்டையில் உலோகம் வைத்து மறுபடி கடைந்து எடுக்கும் லேத்காரரைத் தேடிப்போங்கள், இல்லாவிட்டால் நல்ல பழைய கேஸ் ஒன்றைத் தேடுங்கள்.